கந்தப்பளைக் கடைவீதியில் நீ கண்டது

என் பாக்கியம் அக்காவுக்கு,

செத்துப்போனவளுக்குக் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள். "அன்புள்ள" என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. "என்" என்று போட்டேன். அதை மட்டும் என்னால் விடமுடியவில்லை, என்ன செய்வது?

இதை நான் ஒளித்து எழுதவில்லை. நம் மலையில் காதோடு காது வைத்துப் பேசக்கூடாது என்று சட்டம் போட்டவளே நீதான். "ஒருத்தி காதுல சொல்லலாம்னா எல்லாரு காதுலயும் சொல்லலாம். முடியாதுன்னா வாயிலேயே வச்சு முழுங்கு" என்பாய். அதனால் இதை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் சரோஜா நன்றாக இருக்கிறாள். நீ போனதும் லயத்து வரிசையில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கே வந்துவிட்டாள். அடுப்பில் புகை கிளம்பினால் உன்னைப் போலவே விறகைத் திட்டுகிறாள். மழை இந்த வருஷம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. மலையில் நீ கொழுந்து பறித்த நிரையில் இப்போது மேல் லயத்துச் சின்னப்பொண்ணு நிற்கிறாள். முற்றின இலையையும் கொழுந்தோடு சேர்த்துப் போடுகிறாள், கங்காணி தொண்டை கிழியக் கத்துகிறார். நல்ல பெண்தான். ஆனாலும் அவள் பக்கம் திரும்பிப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

நம்மைத் தெரியாதவர்கள் படித்தால் அவர்களுக்கும் விளங்கவேண்டும் இல்லையா? அதற்காகச் சொல்கிறேன். நானும் நீயும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. நான் வேலுவைக் கட்டிக்கொண்டு வட்டகொடைக்கு மேலே இருக்கிற இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். கங்காணி என்னை உனக்குப் பக்கத்து நிரையில் இறக்கிவிட்டார். மலையில் பக்கத்து நிரை என்றால் சும்மா இல்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் வருஷக்கணக்காக அந்த முகத்தைத்தான் பார்க்கவேண்டும். உனக்குப் புருஷன் இல்லை, காய்ச்சலில் போய்விட்டார். சரோஜா கைக்குழந்தை. எனக்குப் பிள்ளை இல்லை, பிறகும் பிறக்கவில்லை. முதல் நாளே நீ "தங்கச்சி" என்றாய், நான் "அக்கா" என்றேன். அப்படித்தான் நாம் உறவானோம்.

அந்தப் பாலத்துச் சங்கதி உனக்கு நினைவிருக்கும். கொழுந்து அரைக்கிற ஸ்டோருக்குப் போகிற பாதையில் ஓடைமேல் புதுப் பாலம் கட்டினார்கள். பாலம் நிற்கவேண்டுமானால் ஒரு பிள்ளையைப் பலி கொடுக்கவேண்டுமாம், பிள்ளை பிடிக்க ஆள் இறங்கியிருக்கிறானாம் என்று பேச்சுக் கிளம்பியது. வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் தன் பிள்ளையை விட ஒரு தாயும் சம்மதிக்கவில்லை. பாதிப்பேர் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கே வரவில்லை. பிள்ளையில்லாத நானும் பயந்து நடுங்கினேன். நீ சரோஜாவை முதுகில் கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு லயத்தில் காம்பரா காம்பராவாகப் போனாய்.

"கண்டதா, கேட்டதா?"

"கேட்டதுதான்க்கா."

"யாருகிட்ட கேட்ட?"

ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டினாள். அவள் வேறொருத்தியைக் காட்டினாள். கடைசியில் கங்காணி வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் போய் நின்றோம். கங்காணியின் பெண்சாதி தலையில் அடித்துக்கொண்டாள். "எம் புள்ள சோறு திங்க மாட்டேங்குறான்னு பயங்காட்டினேன் பாக்கியம்! திங்கலேன்னா பாலத்துல வச்சுக் கட்டிருவாங்கன்னு சொன்னேன். அதுக்குப் போயி தோட்டமே படுத்துக்கிச்சா?" அன்று நீ சிரித்த சிரிப்பில் முதுகில் தூங்கிய சரோஜா விழித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு எந்தச் செய்தி வந்தாலும் முதலில் உன்னிடம்தான் வரும். கண்டதா, கேட்டதா? கேட்டது என்றால் ஓரமாக வை, கண்டவரைத் தேடு. இவ்வளவுதான் உன் பாடம். மந்திரவாதி வந்து யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொன்னபோதும் அதே கேள்விதான். அம்மை ஊசி போட்டால் கர்ப்பம் தங்காது என்றபோதும் அதே கேள்விதான். நமக்கு இனிமேல் ஓட்டு இல்லையாம், நாம் இந்த நாட்டுப் பிரஜை இல்லையாம் என்று ஆண்கள் வந்து சொன்னபோதும் கேட்டாய். அது மட்டும் வதந்தி இல்லை என்று தெரிந்தபோது கொழுந்துக் கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாய். "பொய்யா இருந்திருக்கலாம், தங்கச்சி" என்றாய். நான் உன்னை மிகவும் நேசித்த நாட்களில் அது ஒன்று.

இன்னொரு பழக்கமும் இருந்தது நமக்கு. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மத்தியானம் கொழுந்து மடுவத்தில் பறித்ததை நிறுத்துப் போட்டுவிட்டு ரொட்டியும் தேத்தண்ணியுமாகக் கல்லில் உட்காருவோம். "கூடைய எறக்கியாச்சு. இப்ப மனசுல இருக்கறத எறக்கு" என்பாய். ஆளுக்கு ஒன்று சொல்லவேண்டும். மற்றவள் குறுக்கே பேசக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டவும் கூடாது. சொல்லி முடித்த பிறகு ஒரேயொரு கேள்வி கேட்கலாம்: "இது நடந்துச்சா, இல்ல நடந்துருமோன்னு பயமா?"

அந்தக் கேள்வி என்னை எத்தனை முறை காப்பாற்றியிருக்கிறது தெரியுமா? எனக்குப் பிள்ளை இல்லாததால் மாமியார் என்னைத் துரத்திவிடுவாள் என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்தேன். நீ கேட்டாய். யோசித்துப் பார்த்தால் அந்தம்மாள் ஒரு வார்த்தை அப்படிச் சொன்னதில்லை, எல்லாம் நானே கட்டிக்கொண்ட பயம். அன்று இரண்டு ரொட்டி கூடத் தின்றேன். மனம் லேசாவது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அந்தக் கல்லில்தான். இந்த மலையில் எத்தனையோ பெண்கள் மனதுக்குள்ளேயே புழுங்கிச் சாமி வந்து ஆடினார்கள், மருந்தைக் குடித்தார்கள். நான் தப்பித்தேன். உன்னால் தப்பித்தேன். அந்த நன்றியை நான் மறக்கவில்லை, அக்கா. மறக்க முடிந்தால் இவ்வளவு வலிக்காது.

இனி வேலுவின் கதை. ஸ்டோரில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் புறப்பட்டுக் கந்தப்பளைக்குப் போவான். அங்கே ஒரு முதலாளியின் மரக்கறித் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதாகச் சொல்வான். வரும்போது முட்டைக்கோவாவும் கரட்டும் கொண்டுவருவான். உனக்கும் பங்கு கொடுப்பேன், நீயும் வாங்கிக்கொள்வாய். ஒருநாள் கீழ் நிரையிலிருந்து பேச்சு ஏறி வந்தது. வேலுவுக்குக் கந்தப்பளையில் இன்னொரு குடித்தனமாம், பிள்ளையும் இருக்கிறதாம்.

அதே சமயத்தில்தான் றொசல்லத் தோட்டத்திலிருந்து என் அண்ணன் வந்தார். அண்ணன் குடும்பம் ஊருக்குப் போக முடிவெடுத்திருந்தது. தலைமன்னாரில் கப்பலேறி அக்கரை இந்தியாவுக்கு, அப்பா பிறந்த மண்ணுக்கு. அவர் காதிலும் வேலுவின் பேச்சு விழுந்திருந்தது. "மீனாச்சி, இந்தப் பய ஒனக்கு வேணாம். எங்க கூட வந்துரு. இப்பன்னா என் தங்கச்சின்னு ஒம்பேரையும் சேத்து எழுதிருவேன். நான் போயிட்டா அப்பறம் யாரும் ஒன்ன கூட்டிட்டுப் போக மாட்டாங்க" என்றார். நான் இரண்டு நாள் கேட்டு வாங்கினேன். யாரிடம் கேட்பதற்கு? உன்னிடம் கேட்பதற்குத்தான்.

மத்தியானம் கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கி வைத்தேன். நீ ரொட்டியைப் பிய்த்தபடி குனிந்திருந்தாய். அன்று நீ நிமிரவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

"கண்டதா, கேட்டதா?" என்றாய்.

"கேட்டதுதான்க்கா. ஆனா எல்லாரும் சொல்றாங்களே."

"எல்லாரும் சொன்னாங்கன்னுதான் பாலத்துக்கும் பயந்தோம். கண்டவங்க யாராச்சும் இருக்காங்களா? கேட்டத நம்பிக் கட்டின புருசன விட்டுட்டுக் கப்பல் ஏறுவியா?"

அவ்வளவுதான். என் மனம் தெளிந்துவிட்டது. தெளிந்துவிட்டதாக நான் நினைத்தேன். றொசல்ல ஸ்டேசனுக்குப் போய் அண்ணனையும் மதினியையும் பிள்ளைகளையும் ரயிலேற்றினேன். அண்ணன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு "இன்னொருக்கா யோசிச்சுப் பாரு தாயி" என்றார். நான் பெரிய மேதாவி மாதிரி, "கேட்டதையெல்லாம் நம்பக்கூடாதுண்ணே" என்றேன். அவர் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு காலையில் வேலு தன் துணிகளைச் சாக்கில் கட்டினான். "கந்தப்பளையில என் பையன பள்ளிக்கூடத்துல சேக்கணும். நான் அங்கயே இருந்துக்கறேன்" என்றான். சண்டையில்லை, சத்தமில்லை. பையனுக்கு ஆறு வயது என்று பிறகு தெரிந்தது. அன்று உன் மடியில் விழுந்து அழுதேன். நீயும் அழுதாய். என்னைவிட அதிகமாக அழுதாய். எனக்காக இப்படி அழ ஒருத்தி இருக்கிறாளே, இதுவே போதும் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்!

நெஞ்சுச்சளியில் நீ விழுந்தபோது நான்தான் பார்த்துக்கொண்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் உனக்குக் கஞ்சி ஊற்றினேன், துணி அலசினேன். சரோஜாவின் கையை எடுத்து என் கையில் வைத்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய், இருமல் வந்துவிட்டது. அது என்னவாக இருக்கும்? அதைத்தான் சொல்ல வந்தாயா, இல்லை தண்ணீர் கேட்டாயா?

உன் கருமாதிக்குக் கந்தப்பளையிலிருந்து உன் சித்தி மகள் ராசாத்தி வந்திருந்தாள். சமைக்கிற இடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். வெள்ளை மனது அவளுக்கு. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துப் பேசிவிட்டாள்.

"ஒங்கள நெனச்சுத்தான் அக்கா ரொம்ப வேதனப்பட்டுச்சு. எம் மகளுக்குக் காது குத்துனப்ப வந்துச்சுல்ல, அன்னைக்குக் கடைவீதியில ஒங்க வீட்டுக்காரர நேருக்கு நேராப் பாத்துட்டோம். தோள்ல புள்ள, பக்கத்துல அந்தப் பொம்பள. அந்தப் புள்ள அப்பான்னு கூப்புட்டுச்சு. அக்கா நடுங்கிருச்சு."

காது குத்தியது எப்போது என்று கேட்டேன். அண்ணன் ஊருக்குப் போகிறதற்கு முன்னாலா, பின்னாலா?

"முன்னாலதான். நானே கேட்டேன், மீனாச்சி அக்காகிட்ட சொல்லிருவீங்கள்லன்னு. 'சொன்னா அவ அண்ணன் கூடப் போயிருவா ராசாத்தி. எனக்கு யாரு இருக்கா?'ன்னு அழுதுச்சு."

வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனேன். தேயிலைக்குள் போய் உட்கார்ந்தேன். கண்ணீர் வரவில்லை, அக்கா. உடம்பெல்லாம் காந்தியது. எல்லோரும் கேட்டதைச் சொன்னார்கள். கண்டவள் இந்தத் தோட்டத்திலேயே நீ ஒருத்திதான். கண்ட நீ என்னைப் பார்த்துக் கேட்டாய், கண்டவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று.

வேலு எனக்குத் துரோகம் செய்தான். அது ஊர் உலகத்தில் நடக்கிற துரோகம், அதற்கு ஒப்பாரி வைத்து முடித்துவிட்டேன். நீ செய்தது வேறு. நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். எனக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்த அதே கேள்வியை எடுத்து என் கண்ணைக் கட்டினாய். பொய் சொல்லியிருந்தால் உன் பொய் என்று தள்ளிவிடலாம். நீ பொய்யும் சொல்லவில்லை. என் புத்தியைக்கொண்டே என்னை ஏமாற்றினாய். இப்போது எந்தச் செய்தி வந்தாலும் அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வருகிறது, கசக்கிறது. அதையும் என்னிடமிருந்து பறித்துவிட்டாயே!

அத்தனை மத்தியானங்களில் ஆளுக்கொன்று இறக்கினோமே, நீ இறக்கியதெல்லாம் என்ன? இடுப்புவலி, கங்காணியின் ஏச்சு, சரோஜாவின் பேன். பெரியதை அடியில் வைத்துக்கொண்டு மேலே இருந்த சில்லறையை எனக்குக் காட்டியிருக்கிறாய். நான் என் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினேன்.

அப்புறம் இன்னொன்றும் கேட்கிறேன். நீ தனியாகிவிடுவாய் என்ற பயத்தில் செய்தாய். சரி. அந்தப் பயத்தை என்னிடமே சொல்லியிருக்கலாமே? "தங்கச்சி, நான் கண்டேன். ஆனா நீ போயிட்டா எனக்கு யாருமில்ல" என்று சொல்லியிருந்தால்? நான் போயிருப்பேனா, இருந்திருப்பேனா, எனக்குத் தெரியாது. ஆனால் அது என் முடிவாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் மனதில் போட்டு வறுத்துக்கொண்டிருந்தபோதுதான் உன் மகளுக்கு வரன் வந்தது. பக்கத்துத் தோட்டத்துத் தங்கராஜ். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற பிள்ளை, நிதானமானவன். சரோஜாவுக்குப் பிடித்திருந்தது. அவர்கள் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கல்யாணம் முடித்துச் சரோஜாவின் பெயரையும் பதிந்துகொண்டு, அவளோடு கப்பலேறுவதாகப் பேச்சு. இவளும் போய்விடுவாளே என்று எனக்குப் பயம் வந்தது. ஆனாலும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம்.

அடுத்த வாரமே நிரையில் பேச்சு வந்தது. தங்கராஜ் வட்டகொடை ஸ்டேசன் பக்கத்துச் சாக்கடைக் கானில் குடித்துவிட்டுக் கிடந்தானாம். கண்டதாகவே இரண்டு பேர் சொன்னார்கள். சேறும் சகதியுமாகக் கானுக்குள் உட்கார்ந்திருந்தானாம், பக்கத்தில் போத்தலும் கிடந்ததாம். சரோஜா சோறு உண்ணவில்லை. அடுப்புக்கு முன்னால் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"சின்னம்மா, நீங்க அன்னைக்கு மண்ணெண்ணெ வாங்க ஸ்டேசன் பக்கம் போனீங்கல்ல. நீங்க கண்டீங்களா? நீங்க சொன்னா நம்புவேன். குடிக்கிறவருன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். ஒங்க கூடவே இருந்துக்கறேன்."

அக்கா, நான் கண்டேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டேன். குடித்துவிட்டுக் கானில் கிடந்தது அவனுடைய பெரியப்பா. தங்கராஜ் வேலையிலிருந்து வந்தவன் அந்த மனிதரைத் தூக்கிவிட இறங்கினான். கால் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். கிழவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். இவன் திருப்பித் திட்டவில்லை. தன் துண்டால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தான். அவரை மேலே ஏற்றி அனுப்பிவிட்டுத் தன் செருப்பைத் தேடி மறுபடி கானுக்குள் இறங்கினான். அந்த நேரத்தில் கடந்துபோனவர்கள்தான் இப்போது கண்டதாகச் சொல்கிறார்கள். அவர்கள் கண்டதும் உண்மைதான், ஆனால் கடைசித் துண்டு மட்டும்.

உன் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் காணல தாயி" என்றால் போதும். அதுகூட வேண்டாம், பெருமூச்சு விட்டாலே போதும். அவள் என்னோடு இருந்துவிடுவாள். எனக்கு முடியாத காலத்தில் ஒரு வாய் சுடுதண்ணீர் கொடுக்க ஆள் இருக்கும். அண்ணன் போய்விட்டார், புருஷன் போய்விட்டான், நீயும் போய்விட்டாய். இவள் ஒருத்திதான் மிச்சம்.

"அடுப்பப் பாரு, பொங்குது" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போனேன். குடம் நிறைந்து வழிந்தது, நான் எடுக்கவில்லை. பின்னால் நின்ற பெண், "என்ன மீனாச்சி அக்கா, தண்ணி ஒங்களுக்கு மட்டுமா?" என்று சிரித்தாள். அங்கே நின்றபோதுதான் தெரிந்தது, நீ செய்தது எவ்வளவு சுலபம் என்று. அதைச் செய்யக் கெட்டவளாக இருக்கவேண்டியதில்லை. பயந்தவளாக இருந்தால் போதும். நீயும் இப்படி எங்கேயாவது நின்றாயா, அக்கா? கந்தப்பளையிலிருந்து பஸ்ஸில் வரும்போது உன் மனம் இப்படி இழுபட்டதா? இல்லை, யோசிக்காமலே செய்தாயா? எது எனக்கு ஆறுதல் என்றும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து குடத்தை இறக்கினேன். நான் கண்டதை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். துண்டையும் செருப்பையும்கூட விடவில்லை. சரோஜா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், உடனே அழுதாள். பிறகு எதையோ யோசித்தவளாக என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் போயிருவேனே சின்னம்மா. நீங்க?"

"அது வேற பேச்சு. நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லிட்டேன்."

"நீங்களும் எங்க கூட வாங்க."

நான் எப்படிப் போவது? சின்னம்மா என்று வாயால் அழைக்கிறவளுக்கெல்லாம் பாஸ்போர்ட் கொடுப்பார்களா? அண்ணனோடு போயிருந்தால் உடன்பிறந்த தங்கச்சி என்று எழுதியிருப்பார்கள். அந்த உறவுக்கு எழுத்தில் இடம் இருந்தது. உனக்கும் எனக்கும் இருந்த உறவுக்கு எந்த அரசாங்கக் கந்தோரிலும் இடம் இல்லை. அந்த உறவை நம்பித்தான் நான் இங்கே நின்றேன்.

கல்யாணம் கோயிலில் நடந்தது. உன் படத்துக்கு மாலை போடலாம் என்றால் உன்னை ஒருநாளும் படம் பிடிக்கவில்லை. நீ கட்டியிருந்த பச்சைச் சேலையை மடித்து வைத்து அதன்மேல் பூ வைத்தாள் உன் மகள். தாய் ஸ்தானத்தில் நான் நின்றேன். தங்கராஜ் என் காலில் விழுந்தபோது "நல்லாயிருங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

இதுவரை எழுதியதை நேற்று சரோஜாவுக்கே படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் ஊருக்குச் சொல்வது முறையில்லை. தன் அம்மா செய்தது அவளுக்கு அதுவரை தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அம்மாவ மன்னிச்சிருங்க சின்னம்மா" என்றாள்.

"அத ஒங்கம்மா வந்து கேக்கட்டும்" என்றேன்.

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். பிள்ளையின் முகம் வாடிப்போனது. ஆனால் அதுதான் என் மனதில் இருக்கிறது. நீ வந்து கேட்கமாட்டாய், நான் கொடுக்கவும் முடியாது. உன்னோடு ஒருநாள், ஒரே ஒரு மத்தியானம், வாய்விட்டுச் சண்டை போடவேண்டும் எனக்கு. உன் தலைமுடியைப் பிடித்து உலுக்கவேண்டும். அதற்கும் வழியில்லாமல் செத்துப்போனாயே, இதுவும் உன் கெட்டிக்காரத்தனமா? சில நாள் மலையில் நிற்கும்போது கோபம் அப்படியே வடிந்து, நீ இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. அந்த நேரத்தில்தான் உன்மேல் இன்னும் ஆத்திரம் வருகிறது.

உன் மகள் அடுத்த மாதம் புறப்படுகிறாள், அதுவரை அவர்கள் இருவரும் என் காம்பராவில்தான். சாமான்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அடுக்குகிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடி எடுத்து வெளியே வைக்கிறாள். நேற்று, "நீங்க ஒரு வார்த்த சொன்னா நான் போகல சின்னம்மா. அவருகிட்டயும் கேட்டுட்டேன், அவரும் இங்கயே இருந்துருவோம்ங்கறாரு" என்றாள். அவன் குடும்பம் மொத்தமும் அக்கரைக்குப் போகிறது. இங்கே அவனுக்கு நாடும் இல்லை, நாளை வேலையும் இல்லை. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீ கேட்காத வாக்கு. வட்டகொடை ஸ்டேசனுக்கு நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். எனக்கு யாருமில்லை என்பதை அவளிடம் மறைக்கமாட்டேன். பயமாக இருக்கிறது என்றும் சொல்வேன், அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழுவேன். ஆனால் ரயில் வந்து நிற்கும்போது "இருந்துவிடு" என்ற சொல் என் வாயிலிருந்து வராது. வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வேன். உன் மகளை நான் அனுப்பிவைப்பேன், அக்கா.

இனிமேல் உனக்கு நான் என்ன முறை என்று எனக்குத் தெரியவில்லை. தங்கச்சி என்று கையெழுத்துப் போட மனம் ஒப்பவில்லை. அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த உறவை மட்டும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சரோஜாவின் சின்னம்மா,
மீனாட்சி